ஆறு மாதமா, இரண்டு வருடமா, உடனேயா? சூ கிரே விவகாரத்தில் எது சரியான முடிவு

2023 மார்ச் 2ஆம் தேதி, லண்டனில் சூ கிரே என்ற மூத்த அரசு அதிகாரி தன் வேலையை ராஜினாமா செய்தார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் கியர் ஸ்டார்மர் தன் அலுவலகத்தை நடத்த அவரை அழைத்திருக்கிறார் என்ற செய்தி அதற்கு முந்தைய நாளே கசிந்துவிட்டது. அந்தப் பதவிக்கு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்று பெயர். தலைவரை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகலாம், யாரை எந்த வேலைக்குப் போடலாம் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் இருப்பவர் கையில்தான் இருக்கும். கட்சி தேர்தலில் ஜெயித்தால் அந்த நாற்காலி அப்படியே பிரதமர் அலுவலகத்துக்குள் போய்விடும்.

அரசு அதிகாரி ஒருவர் கட்சிப் பக்கம் போவது பிரிட்டனில் புதிதில்லை. போனவர் கிரே என்பதால்தான் நாடாளுமன்றம் வரை அது வெடித்தது. கொரோனா ஊரடங்கு நாட்களில் பிரதமர் போரிஸ் ஜான்சனின் டவுனிங் தெரு இல்லத்திலும் அரசு அலுவலகங்களிலும் நடந்த விருந்துகளை விசாரித்து, 2022 மே 25ஆம் தேதி அறிக்கை கொடுத்தவர் அவர். பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விடும்போதுகூடப் பக்கத்தில் போக முடியாமல் ஜனங்கள் தவித்த நாட்கள் அவை. அந்தச் சட்டத்தைப் போட்ட இடத்திலேயே மது பாட்டில்கள் திறக்கப்பட்டன. போலீஸ் 83 பேருக்கு மொத்தம் 126 அபராதம் போட்டது. ஜான்சனும், அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்கும் அதில் அடக்கம். கிரேயின் அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. துப்புரவுப் பணியாளர்களையும் காவலாளிகளையும் அங்கிருந்தவர்கள் மரியாதையில்லாமல் நடத்தினார்கள் என்பதை அவர் தனியாகக் குறித்து, இது ஏற்கவே முடியாதது என்று எழுதினார். அதை விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

ஜான்சன் 2022 ஜூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார். அதற்குக் காரணம் விருந்து விவகாரம் மட்டும் இல்லை, ஆனாலும் அதன் பங்கு பெரிது. அப்புறம் எட்டு மாதத்துக்குள், அந்த அறிக்கையை எழுதியவர் ஜான்சனை எதிர்த்து நின்ற கட்சித் தலைவரிடம் வேலைக்குப் போகிறார் என்று செய்தி வந்தால் என்ன நடக்கும்? ஜான்சன் ஆதரவாளர்கள் அறிக்கையே அரசியல் வேலை என்றார்கள். தொழிற்கட்சிக்காரர்கள், நாடறிந்த நேர்மையான அதிகாரி எங்களிடம் வருகிறார், இதில் என்ன தப்பு என்றார்கள். நடுவில் நின்றவர்கள்தான் சங்கடப்பட்டார்கள். கிரேயின் நேர்மையில் சந்தேகம் இல்லாதவர்கள்கூட, இப்படிப் போகலாமா என்று கேட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

முடிவு செய்ய வேண்டியிருந்தது இதுதான்: அவர் எப்போது புது வேலையில் சேரலாம்? பதவியை விட்டுப் போகும் மூத்த அதிகாரிகள், அமைச்சர்கள் ஆகியோரின் அடுத்த வேலையைப் பரிசீலிக்க 1975 முதல் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. அதன் சுருக்கப் பெயர் அக்கோபா. 2023ல் அதன் தலைவர் எரிக் பிக்கிள்ஸ், ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவர். கிரே இருந்த நிலையில் உள்ளவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் காத்திருப்பு என்பது வழக்கம். அதிகபட்சம் இரண்டு வருடம். குழு சொல்வது ஆலோசனைதான், சட்டப்படி கட்டாயம் கிடையாது. ஆனால் குழு சொல்வதைக் கேட்போம் என்று தொழிற்கட்சி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஆக, மேசை மேல் இருந்த வழிகள் நாலைந்து. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை மாதம் என்ற கணக்கை விட, அந்த வேலையைப் பற்றிய முதல் பேச்சு எந்த நாளில் நடந்தது, அதை யாரிடம் சொன்னார் என்பதுதான் பெரிய கேள்வி என்பது என் எண்ணம்.

உடனே போகட்டும்

இந்தப் பக்கத்துக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஜொனதன் பவல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அதிகாரி. வாஷிங்டன் தூதரகத்தில் இருந்தபோது, 1992ல் பில் கிளிண்டனின் தேர்தல் பிரச்சாரத்தைக் கூடவே இருந்து கவனித்தவர். 1995ல் வேலையை விட்டு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேரிடம் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாகச் சேர்ந்தார். 1997ல் பிளேர் பிரதமரானதும் அவரோடு உள்ளே போய், 2007ல் பிளேர் விலகும் வரை அதே பதவியில் இருந்தார். 1998ல் வட அயர்லாந்தின் பல வருடக் கலவரத்தை முடிவுக்குக் கொண்டுவந்த பெரிய வெள்ளி உடன்பாட்டுக்கான பேச்சுவார்த்தையில் பிரிட்டன் தரப்பின் முக்கியமான கை அவருடையது. அரசு இயந்திரத்தின் உள்ளும் புறமும் தெரிந்தவர் ஒருவர் எதிர்க்கட்சிக்குப் போனதால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை அது.

2023ல் தொழிற்கட்சி பதின்மூன்று வருடமாக ஆட்சியில் இல்லை. அதன் நிழல் அமைச்சரவையில், அதாவது ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிராக எதிர்க்கட்சி நிறுத்தும் குழுவில், ஆட்சி அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்டார்மரே அரசு வழக்குகளை நடத்தும் துறையின் தலைமை இயக்குநராக 2008 முதல் 2013 வரை இருந்துவிட்டு, 2015ல்தான் எம்.பி. ஆனவர். நாளைக்கு ஆட்சிக்கு வரக்கூடிய கட்சி, ஆட்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்வதில் பொதுநலன் இருக்கிறது. அது நாட்டுக்கே நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கு 1975 முதல் அரசுப் பணமே கொடுக்கிறார்கள். எதிர்க்கட்சி அரைகுறையாக இருந்தால் நாளைக்கு அரசும் அரைகுறையாகத்தான் இருக்கும் என்ற புரிதல் அந்த நாட்டில் உண்டு.

இன்னொரு விஷயம். அதிகாரிக்குச் சொந்த அரசியல் இருக்கக் கூடாது என்பது விதி இல்லை, அது வேலையில் தெரியக் கூடாது என்பதுதான் விதி. மார்கரெட் தாட்சரின் பத்திரிகைச் செயலாளராக 1979 முதல் 1990 வரை இருந்த பெர்னார்ட் இங்கம், 1965ல் லீட்ஸ் மாநகராட்சித் தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றவர். தாட்சருக்கு அவரைவிட விசுவாசமாக உழைத்தவர்கள் குறைவு. மனதில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க ஆரம்பித்தால் ஒருவரையும் வேலைக்கு வைக்க முடியாது.

இத்தனையும் சரி. ஆனால் பவலை வைத்து கிரேயை நியாயப்படுத்த முடியாது. பவல் தன் பிரதமரை விசாரித்தவர் இல்லை. கிரே விசாரித்தவர். அதற்கும் முன்னால், 2012 முதல் 2018 வரை, அவர் அமைச்சரவை அலுவலகத்தில் ஒழுங்கு, நெறிமுறைப் பிரிவின் தலைவர். அமைச்சர்களின் சொத்து, சொந்தத் தொடர்புகள், ஒழுக்கப் புகார்கள் என எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. 2017 கடைசியில் துணைப் பிரதமர் நிலையில் இருந்த டேமியன் கிரீன் பதவி இழந்ததும் அவர் நடத்திய விசாரணைக்குப் பிறகுதான். வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாத அளவுக்கு ஆளும் கட்சிக்காரர்களின் அந்தரங்கம் தெரிந்தவர், வெள்ளிக்கிழமை வேலையை விட்டு திங்கட்கிழமை எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தால், அவர் வாயே திறக்காவிட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தூக்கம் வராது.

இந்த 'உடனே' முறை எப்படி இருக்கும் என்று பார்க்க நம் இந்தியாவையே பார்க்கலாம். பிரிட்டிஷ் நிரந்தர அதிகாரி முறையின் வாரிசுதான் ஐ.ஏ.எஸ். ஓய்வு பெற்றதும் தனியார் கம்பெனியில் சேர நம் அதிகாரிகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அரசியலில் சேர எதுவும் இல்லை. காத்திருப்பு வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லிப் பார்த்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. 2022ல் உச்ச நீதிமன்றமும், இது சட்டம் இயற்றுகிறவர்கள் முடிவு செய்ய வேண்டியது என்று ஒதுங்கிக்கொண்டது. ஒடிசாவில் முதல்வரின் தனிச் செயலாளராக இருந்த வி.கே. பாண்டியன் 2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்று, அடுத்த மாதமே பிஜு ஜனதா தளத்தில் சேர்ந்தார். அவர் போனது அப்போதைய ஆளும் கட்சிக்கு. அதனால் கேள்வி வேறு திசையில் வந்தது: இத்தனை நாள் கோப்பில் போட்ட கையெழுத்து அரசுக்கா, கட்சிக்கா? பதில் என்னவாக இருந்தாலும், ஒரு மாத இடைவெளி அந்தக் கேள்வியை அடக்கவில்லை.

இரண்டு வருடம்

கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் பலர் நீண்ட காத்திருப்பு கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காலண்டரை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் அடுத்த பொதுத்தேர்தல் அதிகபட்சம் 2025 ஜனவரிக்குள் நடந்தாக வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடம் என்றால் 2025 மார்ச். அதாவது தேர்தல் முடிந்து, புது அரசு வந்து, முதல் நூறு நாளில் ஒரு பகுதியாவது ஓடியிருக்கும். எந்த வேலைக்காக அவரை அழைத்தார்களோ அந்த வேலையே மிச்சம் இருக்காது. காத்திருப்பு என்ற பெயரில் போடப்படும் தடை இது. தடைதான் வேண்டும் என்றால் தடை என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதற்குச் சட்டம் வேண்டும், நாடாளுமன்ற விவாதம் வேண்டும். ஓர் ஆலோசனைக் குழு மாதக் கணக்கை வைத்து அதைச் செய்யக் கூடாது.

நீண்ட காத்திருப்பு எதற்காக? இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, கையில் இருக்கும் தகவல் பழசாக வேண்டும். கிரே கடைசியாகப் பார்த்த வேலை, ஐக்கிய ராஜ்யத்தின் ஒற்றுமை, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கான அதிகாரப் பகிர்வு சம்பந்தப்பட்டது. அந்தக் கொள்கை விவரங்கள் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ பழசாகும். ஆனால் 2012-18 காலத்தில் அவருக்குத் தெரிந்த அமைச்சர்களின் சொந்த விஷயங்கள்? அவை பழசாகவே ஆகாது. இரண்டு வருடம் கழித்தும் கூர்மையாகத்தான் இருக்கும். அவற்றைக் காப்பது காலண்டர் வேலை இல்லை. அதிகாரி உயிரோடு இருக்கும் வரை தொடரும் ரகசியக் காப்புக் கடமைதான் காக்கும், அதை மீறினால் வரும் தண்டனைதான் காக்கும்.

இரண்டாவது காரணம்தான் கனமானது. வேலையில் இருக்கும்போதே அடுத்த வேலை ஆசை காட்டக் கூடாது. இரண்டு வருடம் சும்மா இருக்க வேண்டும் என்றால் எந்தக் கட்சி அழைத்தாலும் அதிகாரி மயங்க மாட்டார் என்பது கணக்கு. ஓரளவு உண்மை. ஆனால் அந்த வயிற்றுப்பாட்டுக்கு யார் பொறுப்பு? ஐம்பது வயதுக்கு மேல், குடும்பத்தோடு, சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் இருக்கக்கூடியவர்கள் யார்? பணம் உள்ளவர்கள். அரசுப் பள்ளியில் படித்து, சாதாரண எழுத்தர் நிலையிலிருந்து மேலே வந்த ஒருவருக்கு இது கதவையே மூடிவிடும். கிரே கல்லூரிக்குப் போகாமல் நேரே அரசுப் பணிக்கு வந்தவர். 1980களில் விடுப்பு எடுத்துக்கொண்டு, கலவரங்கள் நடந்துகொண்டிருந்த வட அயர்லாந்தில் நியூரி அருகே கணவரோடு ஒரு மதுக்கடை நடத்தியவர். இப்படிப்பட்டவர்கள் மேலே வருவதே அபூர்வம். அவர்களை மட்டும் பாதிக்கும் விதியை என்னால் ஏற்க முடியாது.

ஒரு வருடம் என்றால் 2024 மார்ச். தேர்தல் 2024 ஜூலை 4ல் நடந்தது. நான்கு மாதம் கிடைத்திருக்கும். முடிந்த பிறகு பார்க்கும்போது அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லைதான். ஆனால் 2023 ஜூனில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்குத் தேர்தல் தேதி தெரியாது. அதைத் தேர்ந்தெடுப்பது பிரதமர் கையில் இருந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஓர் ஆள் எப்போது சேரலாம் என்பதற்கும், ஆளும் கட்சி எப்போது தேர்தல் வைக்கும் என்பதற்கும் முடிச்சுப் போடுவது ஆபத்து.

ஆறு மாதம்

குழு தேர்ந்தெடுத்தது இதைத்தான். 2023 ஜூன் 30ஆம் தேதி முடிவு வெளியானது: வேலையை விட்டதிலிருந்து ஆறு மாதம். பதவியில் இருந்தபோது கிரேயின் முடிவெடுக்கும் திறனோ நடுநிலையோ கெட்டதற்கு ஆதாரம் எதையும் பார்க்கவில்லை என்று குழு சொன்னது. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் ஸ்டார்மர் அலுவலகத்தில் சேர்ந்தார்.

மூன்று மாதம் என்ற வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. இரண்டு வருடம் என்ற உச்சத்தில் கால்வாசி. கோபப்பட்டவர்களுக்கும் கொஞ்சம், அழைத்தவர்களுக்கும் கொஞ்சம். வேறு வழி இல்லாத ஒரு குழு எடுக்கக்கூடிய நிதானமான முடிவு இது, நான் அந்த மேசையில் இருந்தாலும் இதற்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஏன் என்றால், அதிகாரி தப்பு செய்ததாக நிரூபிக்காமல் தண்டிக்கக் கூடாது. காத்திருப்பைத் தண்டனையாக நீட்டுவதும் ஒரு தண்டனைதான்.

ஆனால் மூன்றே நாளில், ஜூலை 3ஆம் தேதி, அமைச்சரவை அலுவலகம் தன் விசாரணை முடிவைச் சொன்னது. கிரேக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் நடந்த பேச்சைச் சொல்லாமல் இருந்ததால், மேலோட்டமாகப் பார்த்த அளவில் அரசு ஊழியர் நடத்தை விதி மீறப்பட்டிருக்கிறது என்பது அந்த முடிவு. கிரே அந்த விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. தொழிற்கட்சி அதை அரசியல் நாடகம் என்றது.

இதுதான் ஆறு மாத முடிவின் ஓட்டை. ஒரு குழு அவர் வேலையை விட்டதற்குப் பிறகான நாட்களை எண்ணியது. இன்னோர் அலுவலகம் அவர் வேலையில் இருந்த நாட்களைப் பற்றிக் குற்றம் சொன்னது. முதலாவதற்கு அதிகாரம் இல்லை. இரண்டாவதற்கு நம்பகத்தன்மை இல்லை, ஏனென்றால் அதை அறிவித்தது கிரேயின் அறிக்கையால் அடிபட்ட அதே கட்சியின் அரசு. கிரே பதில் சொல்லாமல் ஒதுங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர் அவர். தன்னைக் கேட்கும்போது, கேட்கிறவர் யாராக இருந்தாலும், வந்து உட்கார்ந்து தேதி வாரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் உண்மையில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். விருந்துகளைப் பற்றி ஜான்சன் நாடாளுமன்றத்தில் உண்மை சொன்னாரா என்ற நாடாளுமன்ற உரிமைக் குழு விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது. கிரே ராஜினாமா செய்த மறுநாளே, எங்கள் விசாரணை கிரேயின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டதில்லை, எங்களுக்குச் சொந்த சாட்சியங்கள் உண்டு என்று அந்தக் குழு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. ஜூன் மாதம் அதன் முடிவு வந்தது: ஜான்சன் நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார். அதற்குள் ஜான்சன் எம்.பி. பதவியையே விட்டுவிட்டார். கிரேயின் அறிக்கை நின்றது. ஆனால் அந்த அறிக்கை மேல் சந்தேகத்தை வீச ஜான்சன் பக்கத்துக்கு ஒரு கல் இலவசமாகக் கிடைத்தது. நாளைக்கு வேறொரு பிரதமரை விசாரிக்க ஓர் அதிகாரியை உட்கார வைக்கும்போது, முதல் கேள்வி 'நீங்க அடுத்தது எந்தக் கட்சி?' என்பதாகத்தான் இருக்கும். அந்த அதிகாரி இதற்கு என்ன பாவம் செய்தார்?

ஆஸ்திரேலியா செய்வது

இங்கே ஒரு நிமிடம் கடல் தாண்டிப் போகலாம். ஆஸ்திரேலியாவில் 1984ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் அமைச்சர்களும் எம்.பி.க்களும் தங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு ஊழியர் சம்பளமில்லா விடுப்பில் அங்கே போய் வேலை பார்க்கலாம், முடிந்ததும் தன் துறைக்குத் திரும்பி வரலாம். போவது ஊருக்கே தெரியும். ரகசியப் பேச்சுக்குத் தேவையே குறைவு. இந்தத் திறந்த தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. திரும்பி வருவதுதான் பிடிக்கவில்லை. நேற்று வரை ஒரு கட்சியின் தலைவருக்கு மேடைப் பேச்சு தயார் செய்தவர் இன்று நடுநிலைக் கோப்பைத் திறக்கிறார் என்றால், கீழே இருக்கும் குமாஸ்தா வரை எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள். பிரிட்டனில் கட்சிப் பக்கம் போனால் ராஜினாமா செய்துவிட்டுத்தான் போக வேண்டும், அது நல்ல வழக்கம். கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கட்டும்.

முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது

நான் நிற்பது இந்தப் பக்கம். எதிர்க்கட்சி வேலையைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தால், இரண்டாவது பேச்சு நடப்பதற்கு முன்னால் அதைப் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்த அன்றே, அரசியல் கூர்மை உள்ள கோப்புகளிலிருந்து அவரை விலக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு காத்திருப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை, மூன்று மாதம் போதும்.

இதைக் கேட்டதும் வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். இது ஏற்கெனவே விதியில் இருக்கிறதே? ஆமாம், அமைச்சரவை அலுவலகம் கிரே மேல் குற்றம் சொன்னதே சொல்லாமல் இருந்தார் என்றுதான். பிரச்சினை யாரிடம் சொல்வது என்பதில் இருக்கிறது. கிரே இருந்த காலத்து ஏற்பாட்டில் அதிகாரி தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மேலதிகாரி, அமைச்சரவைச் செயலாளர், தினமும் பிரதமரோடு உட்காருகிறவர். எதிர்க்கட்சியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அவரிடம் சொன்னால், அது சாயங்காலத்துக்குள் யார் காதுக்குப் போகும்? போகாது என்று வைத்துக்கொள்வோம், அப்படியும் அதிகாரிக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். பேச்சு முறிந்து அவர் அங்கேயே தொடர்ந்தால், மிச்சமிருக்கும் பணிக்காலம் முழுக்க அவர் சந்தேகத்துக்குரிய ஆள். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்பது முழு நியாயம் ஆகாது.

இன்னும் ஒன்று. 2021 டிசம்பரில் விருந்து விசாரணையை முதலில் கையில் எடுத்தவர் அமைச்சரவைச் செயலாளர் சைமன் கேஸ். அவர் அலுவலகத்திலேயே ஒரு விருந்து நடந்ததாகச் செய்தி வந்ததும் விலகினார், அப்படித்தான் வேலை கிரேயிடம் வந்தது. பிரதமருக்கு அருகில் இருப்பவரையே எல்லாவற்றுக்கும் நீதிபதியாக வைப்பதன் சிரமம் அந்த ஒரு சம்பவத்திலேயே தெரியவில்லையா?

ஆகவே சொல்ல வேண்டிய இடம் வேறாக இருக்க வேண்டும். அதற்கு ஓர் இடம் பிரிட்டனில் தயாராகவே இருக்கிறது. தகுதி பார்த்து ஆள் எடுக்க வேண்டும் என்ற 1854ஆம் ஆண்டின் நார்த்கோட்-ட்ரெவெலியன் அறிக்கையின் வழியில் உருவான குடிமைப் பணி ஆணையம்தான் அது. 2010ல் வந்த சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நேர்மை, வாய்மை, புறவயப் பார்வை, நடுநிலை என்ற நான்கு விழுமியங்களையும் அதே சட்டம்தான் கட்டாயமாக்கியது. அது எந்த அமைச்சரின் கீழும் இல்லை. அதிகாரி அங்கே மூடிய உறையில் சொல்லட்டும். ஆணையம் காரணம் சொல்லாமல் அவரை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லட்டும். பேச்சு முறிந்தால் உறை திறக்கப்படாமலே இருக்கட்டும்.

இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. ஒருவரைத் திடீரென்று மாற்றினால் அலுவலகத்தில் எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். கசியாத அலுவலகம் உலகத்தில் இல்லை. ஒரு தரமாவது நடக்கத்தான் செய்யும், அன்றைக்கு அந்த அதிகாரி அடிபடுவார். ஆனாலும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. பிற்பாடு யாராவது 'எப்போதிலிருந்து பேசிக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டால், ஒரு தேதியைக் காட்ட முடியும். அந்தத் தேதிக்கு முன்னால் எழுதிய எல்லாமும் பத்திரமாக இருக்கும். கிரேயிடம் அப்படி ஒரு தேதி, ஒரு நடுநிலையான இடத்தில், எழுத்தில் இருந்திருந்தால், 2022 மே அறிக்கை மேல் ஒருவராலும் கைவைத்திருக்க முடியாது.

நடத்தை விதியில் ஒரு வாசகம் உண்டு. அதிகாரி இன்றைய அமைச்சரின் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும், அதே நேரம் நாளைக்கு வேறொரு அரசு வந்தால் அதனோடும் அதே உறவை வைத்துக்கொள்ளும்படி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாளைய அரசை மனதில் வைப்பது குற்றமில்லை, கடமையின் ஒரு பாதி என்கிறது விதி. தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சியும் மூத்த அதிகாரிகளும் அதிகாரபூர்வமாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் 1960களிலிருந்து இருக்கிறது, பிரதமர் அனுமதியோடு. 2024 ஜனவரியில் சுனக்கும் அப்படி அனுமதி கொடுத்தார். பதிவோடு நடக்கும் பேச்சு யாரையும் புண்படுத்தவில்லை.

பிற்பாடு நடந்தவையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் தொழிற்கட்சி ஜெயித்து ஸ்டார்மர் பிரதமரானதும், கிரே பிரதமர் அலுவலகத்துக்குள் போனார். அவர் மகன் அதே தேர்தலில் தொழிற்கட்சி எம்.பி. ஆனார். செப்டம்பரில் அவர் சம்பளம் 1,70,000 பவுண்டு, பிரதமரைவிடச் சுமார் 3,000 பவுண்டு கூடுதல் என்று செய்தி வந்தது. அக்டோபர் 6ஆம் தேதி, தன்னால் அரசின் கவனம் சிதறக் கூடாது என்று சொல்லி விலகினார். ஸ்டார்மரின் ஆலோசகர் மார்கன் மெக்ஸ்வீனி அந்த இடத்துக்கு வந்தார். கிரே நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனார். பார்த்தீர்களா, மூன்று மாதம்தான் நிலைத்தார், இதற்கா இத்தனை சண்டை என்று சிலர் கேட்டார்கள். அவர் அந்த வேலையில் ஜெயித்தாரா தோற்றாரா என்பது எப்போது சேரலாம் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. 2023ல் மேசையில் இருந்தவர்கள் அதை வைத்து முடிவு செய்திருக்க முடியாது, நாமும் அதை வைத்து அவர்களை எடை போடக் கூடாது.

அக்கோபாவையும் 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அதிகாரிகள் சம்பந்தப்பட்ட வேலை இப்போது குடிமைப் பணி ஆணையத்திடம் போயிருக்கிறது. நான் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆணையம் வேலையை விட்ட நாளிலிருந்து மாதம் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தால் பழைய கதைதான். என் கையில் கொடுத்தால் விதியை இப்படி எழுதுவேன்: முதல் பேச்சைப் பதிவு செய்தவருக்கு மூன்று மாதம். பதிவு செய்யாமல் மறைத்தவருக்கு ஒரு வருடம், அதில் பாதிக்குச் சம்பளமும் கிடையாது. பிரதமரையோ அமைச்சரையோ விசாரித்து அறிக்கை கொடுத்தவர், அறிக்கை வந்த நாளிலிருந்து ஒரு வருடம் எந்தக் கட்சியோடும் வேலைப் பேச்சே நடத்தக் கூடாது. கிரே விஷயத்தில் அந்தக் கடைசி விதி 2023 மே 25 வரை ஸ்டார்மரைக் காத்திருக்க வைத்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட் கடைசி. அவர் உண்மையில் சேர்ந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சேர்ந்திருக்கலாம்.